ஜெனி வைக்கச் சொன்ன பொட்டு

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்குப் பூசை இருந்ததால் அம்மன் கோயில் மண்டபத்தைக் கழுவி விட்டுக் கோலமாவை எடுத்துக்கொண்டிருந்தேன். ஹபீபாவிடமிருந்து போன் வந்தது. ஹபீபாவும் ஜெனியும் மருந்தியல் கல்லூரியில் ஒரே வகுப்பு. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் எங்கள் ஊருக்கு வருவார்கள். அது அவர்கள் வரவேண்டிய வாரம். அதனால் எடுத்த எடுப்பிலேயே, "எந்த பஸ்ஸுக்கு வாரீக, சோறு பொங்கி வைக்கவா?" என்று கேட்டேன்.   ஹபீபா சொன்னாள்.

"பெரியம்மா, ஜெனி மவுத்தாயிட்டா. மதுரை ஆஸ்பத்திரியில. விடியக்காலையில."

கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். அவள் மதுரையில் பதினோரு நாளாகப் படுத்திருக்கிறாள் என்பது தெரியும். காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தார்கள், அன்றைக்குள் எழுந்து வந்துவிடுவாள் என்றுதான் சோறு பொங்கவா என்று கேட்டேன். காய்ச்சலுக்கு யார் சாவார்கள் என்று நானும் இருந்துவிட்டேன். அவளுடைய நெஞ்சில் வைத்திருந்த வால்வில் கிருமி தொற்றிவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பூசைக்கு வந்த பதினான்கு பெண்களிடமும் நானே சொன்னேன். சிலர் அழுதார்கள். என் தம்பி மனைவி காளியம்மாள் அழவில்லை. திரியைத் திரித்துக்கொண்டே சொன்னாள்.

"மாத்திரை மாத்திரைன்னு நம்ம உசுர எடுத்த பிள்ளை. அதுவும் ஒரு நாளு தவறாம போட்ட பிள்ளை. அதுக்கே நெஞ்சு நின்னு போச்சு. இனி நமக்கென்ன மாத்திரை வேண்டிக்கெடக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை. எந்தப் பேச்சுக்கும் முதல் ஆளாகப் பதில் சொல்லும் நானும் சொல்லவில்லை. ஜெனியின் ஆசிரியை, கல்லூரியில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் வாசிக்க நான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டபோது, எட்டாவது வரை படித்தவள் என்ன எழுதுவது என்று தயங்கினேன். ஆனால் காளியம்மாள் கேட்ட அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஜெனியோடு படித்த பிள்ளைகளே, உங்களுக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அவள் முதன்முதலில் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். கல்லூரியில் இரண்டிரண்டு பேருக்கு ஒரு ஊரைப் பிரித்துக் கொடுத்து, இதயத்தைக் காப்பது பற்றிச் சொல்ல அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் இருக்கிறது. நடவு நேரத்தில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது. இரண்டு பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பிரஷர் பார்க்கும் மெஷினை மேசையில் வைத்து, சமுதாயக் கூடத்தில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர்தான் போனார்களாம். அதில் ஒருவர் அங்கே படுத்துத் தூங்கப் போனவர். சாயங்காலம் நாங்கள் விளக்குகளோடு கோயிலுக்குப் போவதை ஜெனி பார்த்தாள். மேசையை ஹபீபாவோடு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலுக்கு வந்துவிட்டாள். செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு, பூசை முடியும்வரை வெளியே காத்திருந்தாள்.

காளியம்மாள் விடவில்லை. "சாமி கும்புட வந்த எடத்துல கையப் புடிச்சு அமுக்கப் போறீகளாக்கும்?"

"அமுக்குறது மெஷினு அக்கா. நான் சும்மா பக்கத்துல இருப்பேன்," என்றாள் ஜெனி.

என் கையைத்தான் முதலில் கொடுத்தேன். எனக்குப் பிரஷர் இருப்பது ஏழு வருடமாகத் தெரியும். மாதம் தவறாமல் சுகாதார நிலையத்துக்குப் போய் மாத்திரை வாங்கி வருகிறவள். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. மெஷின் நூற்று எண்பதுக்கு மேல் காட்டியது. ஜெனி இரண்டாவது முறையும் பார்த்தாள். மாறவில்லை.

"மாத்திரை சாப்புடுறீங்களா?"

"சாப்புடாம? தவறாம சாப்புடுறேன்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு வெள்ளிக்கெழமையில்ல. விரதம்."

அவள் அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாள். மறு மாதம் வந்தபோது நேராக என் வீட்டுக்கு வந்தாள். போன மாதம் வாங்கியதில் மீதி மாத்திரைகளைப் பார்க்கலாமா என்று கேட்டாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மிச்சம் பிடித்து வைத்திருப்பதைப் பாராட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அட்டைகளைத் தரையில் பரப்பினாள். சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி என் மடியில் வைத்து, போன மாதம் விரதம் இருந்த நாட்களை மட்டும் தொட்டுக் காட்டச் சொன்னாள். செவ்வாய், வெள்ளி, இரண்டு பிரதோஷம், சஷ்டி, கிருத்திகை, அமாவாசை, பௌர்ணமி. நான் தொடத் தொட, அவள் பிரிக்காத மாத்திரைகளில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். விரத நாளும் மிச்ச மாத்திரையும் ஒன்றாக முடிந்தன.

எங்கள் ஊரில் இது எனக்கு மட்டும் உள்ள வழக்கமில்லை. விரதமென்றால் வாயில் ஒன்றும் போடக் கூடாது, மாத்திரையும் ஒன்றுதானே. யாரும் யாரிடமும் கேட்டதில்லை, யாரும் தப்பு என்று சொன்னதுமில்லை. சுகாதார நிலையத்தில் கேட்டால் சாப்பிடுகிறேன் என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். அது பொய் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

ஜெனி என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "பெரியம்மா, நீங்க சோறு இல்லாம ஒரு நாளு தாங்குவீங்க. உங்க நெஞ்சு மருந்து இல்லாம தாங்காது. அது விரதம் இருக்கேன்னு யாருக்கும் நேந்துக்கலையே."

"சாமி குத்தம் ஆயிடாதாத்தா?"

"அத நான் சொன்னா எடுபடாது. நான் மாதா கோயிலுக்குப் போற பிள்ளை. உங்க சாமிக்குப் பூசை பண்றவங்ககிட்டயே கேப்போம்."

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த பிரதோஷத்துக்குத் திருவாடானைப் பெரிய கோயிலுக்கு என்னோடும் காளியம்மாளோடும் பஸ் ஏறி வந்தாள். நந்திக்கு அபிஷேகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வயதான குருக்களிடம் நான் கேட்டேன். அவர் விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஔஷதம் ஆகாரத்துல சேராதும்மா. நானே காலம்பற ஒண்ணு போட்டுண்டுதான் சன்னதிக்கு வரேன். போடலைன்னா அபிஷேகக் குடத்தைத் தூக்கறச்சே நானே விழுந்துடுவேன்."

வெளியே தூணோரம் நின்றிருந்த ஜெனியிடம் இதைப் போய்ச் சொன்னேன். ஜெயித்துவிட்ட முகம் எதுவும் அவளிடம் இல்லை. "சரி, அப்ப வழி பாத்துருவோம்," என்றாள். எதை மறந்தாலும் நான் மறக்காத வேலை எது என்று பஸ்ஸில் கேட்டாள். காலையில் விளக்கேற்றுவது என்றேன். "அப்ப தீப்பெட்டிக்குப் பக்கத்துல மாத்திரை அட்டைய வைங்க. விளக்க ஏத்துங்க, மாத்திரையப் போடுங்க, நெத்தியில குங்குமம் வைங்க. அதே விரலால காலண்டர்ல அந்தத் தேதியில ஒரு பொட்டு வைங்க. பேனா தேட வேண்டாம்."

அப்படித்தான் பதினான்கு வீட்டுக் காலண்டர்களிலும் குங்குமப் பொட்டு ஏறியது. அவள் வருகிற வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் நோட்டுக் காட்டுவது போல அவளிடம் காட்டுவோம். விட்டுப்போன கட்டத்தைப் பார்த்தால் திட்ட மாட்டாள். "இந்த புதன்கெழமை என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பாள். அதற்குக் காளியம்மாள் ஒரு கதை சொல்லுவாள். ஒரு தடவை வந்த கதையில் ஆடு தொலைந்தது, ஆட்டைத் தேடியவர் தொலைந்தார், மாத்திரையும் தொலைந்தது. ஜெனி முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆடு கெடச்சுருச்சுல்ல? நாளைக்குப் பொட்டு வச்சுருங்க," என்றாள்.

அவளைச் சீண்டுவதில் காளியம்மாளுக்கு அப்படி ஒரு ஆசை. ஜெனி பாம்பன் பிள்ளை. அவள் அய்யா கடலுக்குப் போகிறவர். அம்மா மரியபுஷ்பம் கருவாடு போட்டு விற்கிறவர். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாயைத் தொட்டுக்கொள்ள மட்டும் வைக்க வேண்டும் என்று ஜெனி சொல்லிக்கொண்டிருந்த அன்று காளியம்மாள் கேட்டாள்.

"ஏத்தா, ஒங்காத்தா மூடை மூடையா உப்பக் கொட்டிக் கருவாடு காய வைக்கிறா. நீ வந்து எங்க கொழம்புல உப்ப அள்ளுற. இது என்ன ஞாயம்?"

"அதான் அக்கா எங்க வீட்டுல தெனம் நடக்குற சண்டை. அங்கன தோத்துட்டுத்தான் இங்கன வாரேன்."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தோம். அடுத்த முறை அவள் வந்தபோது, கருவாட்டைச் சமைக்குமுன் இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கழுவ வேண்டும், அதையும் எப்போதாவதுதான் தொட வேண்டும் என்று தன் அம்மாவே வாங்க வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள். "பாதி ஜெயிச்சாச்சு," என்றாள்.

அவள் நெஞ்சைப் பற்றி எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் தெரியாது. ஒரு மத்தியானம் என் வீட்டில் உட்கார்ந்து எனக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்டு போனது. மின்விசிறி நின்று வீடு அமைதியானதும், டிக் டிக் என்று மெல்லிய சத்தம் கேட்டது. வாட்ச் கட்டியிருக்கிறாளா என்று பார்த்தேன். இரண்டு கையும் வெறுங்கை.

"என்னாத்தா சத்தம்?"

"நான்தான் பெரியம்மா."

கழுத்துத் துணியைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். நெஞ்சின் நடுவே நேராக ஒரு தழும்பு. சின்ன வயதில் தொண்டை வலி வந்தது, சரியாகக் கவனிக்கவில்லை, மூட்டு வீங்கியது, பிறகு அது நெஞ்சு வால்வைக் கெடுத்துவிட்டது, மதுரையில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள் என்று, வேறு யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னாள். பிறகு பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தாள். அவள் மருந்து அதில் இருந்தது.

"தெனம் போடணும். ஒரு நாளு விட்டாலும் வம்புதான். தவக்காலத்துல நானும் ஒரு பொழுது இருப்பேன். பத்து வயசுலேர்ந்து இருக்குற பழக்கம். மொதத் தடவை மாத்திரைய மறைச்சு வச்சுட்டேன். அம்மா கண்டுபுடிச்சு எங்க மாதா கோயில் சாமியார்கிட்ட இழுத்துட்டுப் போயிருச்சு. அவரும் உங்க குருக்கள் மாதிரியேதான் சொன்னாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, என் அட்டைகளைத் தரையில் பரப்பியபோது அவள் ஏன் திட்டவில்லை என்று. நான் செய்த தப்பை அவளும் செய்திருக்கிறாள். மற்ற பெண்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க. என்னையப் பாத்தாவது போடட்டும்," என்றாள். நானும் ஊர் முழுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் காலண்டர்களில் ஒரு கட்டமும் காலியாக விழவில்லை. அந்தப் பிள்ளையே போடுகிறது, நமக்கென்ன என்று எல்லோரும் போட்டார்கள். அவள் போனபோது, அதே காரணத்தால்தான் எல்லோரும் நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை பாம்பனில் அடக்கம். அன்று அவர்கள் தெருவில் யாரும் கடலுக்குப் போகவில்லை. பெட்டிக்குள் அவளுடைய வெள்ளைக் கோட்டை மடித்து வைத்திருந்தார்கள். கூட்டத்தில் மரியபுஷ்பத்தின் பக்கத்தில் போகக்கூட முடியவில்லை. திரும்பி வந்து குளித்து விளக்கேற்றினேன். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை இருந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காளியம்மாளைக் குறை சொல்வது போல மேலே எழுதினேன். அன்றிலிருந்து நானும் மாத்திரை போடவில்லை. கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. அம்மன் மேலா, மருந்து மேலா, சொல்லாமல் போன அந்தப் பிள்ளை மேலா. தினமும் விளக்கேற்றினேன், குங்குமம் வைத்தேன், காலண்டர் பக்கம் திரும்பவில்லை. பிடரி வலித்தது. படியேறினால் தலை கிறுகிறுத்தது. ஹபீபா இரண்டு முறை போன் செய்து, "பொட்டு வைக்கிறீங்களா பெரியம்மா?" என்று கேட்டாள். வைக்கிறேன் என்றேன். மறுபடியும் அந்தப் பழைய பொய்.

முப்பதாம் நாள் பூசைக்கு நானும் காளியம்மாளும் பாம்பன் போனோம். மாதா கோயிலில் பூசை முடிந்து வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். கூட்டம் குறைந்ததும் மரியபுஷ்பம் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுவரில் ஜெனியின் படம். என் வாய் எப்போதும் சும்மா இருந்ததில்லை, அன்றும் இருக்கவில்லை. ஒரு தாயிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஒரு நாளு தவறாம மாத்திரை போட்டாளே மதினி. அப்பறம் ஏன் போனா?"

காளியம்மாள் என் முழங்கையை இடித்தாள். மரியபுஷ்பம் கோபப்படவில்லை. எச்சில் இலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டரு எங்கிட்ட சொன்னாரு, இந்தப் பிள்ளை வயசுக்கு வர்றதே கஷ்டம்னு. வயசுக்கு வந்தா. பத்தாவது எழுதுனா. பன்னெண்டாவது எழுதுனா. காலேஜுக்குப் போனா. வெள்ளைக் கோட்டு போட்டு எங்க தெருவுல நடந்தா. கிருமி வந்தது வேற வழியில. அதுக்கு இந்த மாத்திரை என்ன பண்ணும்? ஆனா அந்தப் பத்து வருசமும் மாத்திரை குடுத்ததுதான்."

இலையைக் கூடையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க அவளப் பாத்ததே அந்த மாத்திரையாலதான் மதினி. அது இல்லாட்டி அவ ஒங்க ஊருக்கு வந்துருக்க மாட்டா."

 கிளம்பும்போது அவர் எங்கள் கையில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, "வெயிலு. பஸ்ஸுல குடிச்சுக்கங்க," என்றார். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். காளியம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாலம் முடிகிற இடத்தில் திரும்பினாள்.

"மதினி, பையில மாத்திரை வச்சுருக்கீகளா?"

வைத்திருந்தேன். வெளியூர் போகும்போது அட்டையில் பாதியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஜெனியின் கட்டளை. போடாத நாட்களிலும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

"இருக்கு. ஆனா ஒனக்குத் தர மாட்டேன். ஒருத்தி மாத்திரைய இன்னொருத்தி போடக் கூடாதுன்னு சொல்லிருக்கால்ல."

"தெரியும். ஒங்களப் போடச் சொன்னேன். போடுங்க, நான் பாக்கணும்."

"இன்னைக்குக் கிருத்திகைடி."

"குருக்கள் சொன்னாருல்ல. போடுங்க."

மரியபுஷ்பம் கொடுத்த தண்ணீரில் போட்டேன். காளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செய்தி வந்த நாளிலிருந்து அவள் அழுததை அப்போதுதான் பார்த்தேன். அழுதுகொண்டே சொன்னாள், "அந்த டிரைவரக் கொஞ்சம் வெரசா ஓட்டச் சொல்லுங்க. வீட்டுக்குப் போயி நானும் போடணும்."

மறுநாள் இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நடந்ததை மறைக்காமல் சொன்னோம். நர்சம்மா நன்றாகத் திட்டினார். ஜெனி திட்டாததையும் சேர்த்துத் திட்டினார் என்று வாங்கிக்கொண்டோம். அந்த வாரம் விளக்குப் பூசையில் மரியபுஷ்பம் சொன்னதைச் சொல்ல நான் வாயைத் திறக்குமுன், காளியம்மாளே எழுந்து சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள். இப்போது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஹபீபா தனியாக வருகிறாள். மேசையின் மறுபக்கத்தைக் காளியம்மாள் பிடிக்கிறாள்.

ஜெனி எனக்கு என்ன விட்டுப்போனாள் என்று யோசித்துப் பார்த்தேன். அவளுடைய போட்டோ என்னிடம் இல்லை. அவள் கையெழுத்துக்கூட இல்லை. விளக்கு மாடத்தில் தீப்பெட்டியும் அட்டையும் சேர்ந்து இருக்கின்றன. அவை அங்கேயே இருக்கும். காலண்டரில் அவள் போன மாதத்தின் தாளையும் அடுத்த மாதத்தின் தாளையும் நான் கிழிக்கவில்லை. பொட்டு வைத்த கட்டங்களுக்கு நடுவே அந்த வெள்ளைக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. என் ஆயுளில் எத்தனையோ விரதம் இருந்திருக்கிறேன். அவளுக்காக நான் இருந்தது அந்த ஒன்றுதான். அதைப் பார்த்திருந்தால் அவள் திட்டியிருக்க மாட்டாள். ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, இந்த நாள் என்ன ஆச்சு பெரியம்மா என்று கேட்டிருப்பாள். நாளைக்குப் பொட்டு வைக்கச் சொல்லியிருப்பாள்.

இன்று காலை வைத்துவிட்டேன், ஆத்தா.